காண்டீபம் என்று ஒட்டுங்கள், கூடவே அது மூங்கிலா கொம்பா என்றும் எழுதுங்கள்: வடசென்னை வில் பயிற்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் மரபு வில் பயிற்சி நடத்தும் மன்றங்களின் நிர்வாகிகளுக்கும், கோடை முகாம்களுக்கு வில் செய்து கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

பெரம்பூரில் தொடங்கி எண்ணூர் வரை, எந்த முகாமுக்குப் போனாலும் வில் மாட்டியிருக்கும் ஸ்டாண்டில் ஒரே காட்சிதான். தங்க எழுத்து ஸ்டிக்கரில் காண்டீபம், கோதண்டம், சார்ங்கம், பினாகம். பெயருக்குக் கீழே விலை. எதனால் செய்த வில், எத்தனை பவுண்டு இழுவிசை, எந்த ஆண்டு செய்தது என்று ஒரு வரி கிடையாது. ‘சார்ங்கம்’ மூங்கில் மேலும் ஒட்டியிருக்கிறது, ஃபைபர் மேலும் ஒட்டியிருக்கிறது, பெயின்ட் அடித்த பி.வி.சி. பைப் மேலும் ஒட்டியிருக்கிறது.

பெயரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வியாசர் பெயரை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் பகுதியில் பாரதத்து வில்லின் பெயரைச் சொன்னால்தான் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழைய பெயர்களில் பல, வில் எதனால் ஆனது என்பதைச் சொல்லப் பிறந்தவை. செய்பொருள் தெரிந்தால் அந்த வில்லை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படி நாண் பூட்ட வேண்டும், எதைச் செய்தால் உடையும் என்பது தெரிந்துவிடும். அந்தத் தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் ஒவ்வொரு கோடையிலும் வில் உடைகிறது, சில நேரம் பிள்ளைகளின் முகத்துக்கு அருகிலேயே உடைகிறது.

சார்ங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சிருங்கம் என்றால் கொம்பு. கொம்பால் ஆனது சார்ங்கம். திருமாலின் வில் என்று மார்கழி மாதம் திருப்பாவை கேட்கிற எல்லாருக்கும் அந்தப் பெயர் பழக்கம். பெயர் சொல்வது கொம்பு வில்லை. கொரியர்கள் தங்கள் மரபு வில்லைக் ‘காக்குங்’ என்கிறார்கள். ‘காக்’ என்றால் கொம்பு, ‘குங்’ என்றால் வில். இரண்டு நாட்டுக்காரர்களும் தனித்தனியாக ஒரே வழியில் பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த வகை வில்லின் உயிரே கொம்பில்தான் இருக்கிறது.

எப்படி என்றால், வில்லைப் பிடித்து நிற்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. நசுங்கலைத் தாங்குவதில் எருமைக் கொம்பு கடினமான மரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வலுவுள்ளது. நீள்வதைத் தாங்க மாட்டின் தசைநாண் போதும். அதனால் வயிற்றில் கொம்பு, நடுவில் மூங்கிலோ மரமோ, முதுகில் பசையில் தோய்த்த தசைநாண் இழைகள் என்று மூன்று அடுக்காகக் கட்டுகிறார்கள். கொரிய வில்லில் அந்தப் பசை மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சியது. காசிமேட்டில் கத்தாழை மீனை அறுக்கும்போது தனியே எடுத்து வைக்கும் நெட்டி இருக்கிறதே, அதே சரக்குதான்.

கார்முகம் என்ற பெயரைத் தமிழில் படிக்கும்போது கார்மேகம் நினைவுக்கு வரும். ஒரு முகாமின் பேனரில் ‘மேகம் போல் வளைந்ததால் கார்முகம்’ என்றே அச்சடித்திருந்தது. வடமொழியில் கிருமுகம் என்று ஒரு மரம் உண்டு, அந்த மரத்தால் செய்தது கார்முகம். கோதண்டத்தையும் ‘கோ + தண்டம், அரசனின் கோல்’ என்று பிரித்து எழுதுகிறார்கள். அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் தனுசு, சாபம், சராசனம், கார்முகம் என்று வில்லுக்கு வரிசையாக வரும் பொதுப்பெயர்களில் கோதண்டமும் ஒன்று, அவ்வளவே. இராமன் கையில் இருந்ததால் நம் வழக்கில் அது இராமனின் வில்லாகவே ஆகிவிட்டது.

இந்தப் பெயர்களைச் செய்பொருளோடு சேர்த்துச் சொல்லும் பழைய பட்டியல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், ஆயுதக் கிடங்குத் தலைவரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. பனை, சாபம் என்ற மூங்கில் வகை, மரம், கொம்பு என்று நான்கு பொருள். கார்முகம், கோதண்டம், துரூணம், தனுசு என்று நான்கு பெயர். வரிசைப்படி பொருத்திப் படிப்பது வழக்கம். அப்படிப் படித்தால் கார்முகம் பனைவில், கோதண்டம் மூங்கில்வில். சொற்பிறப்பு ஒரு மரத்தைச் சொல்ல, கிடங்குக் கணக்கு இன்னொரு மரத்தைச் சொல்கிறது என்றால், பெயர் காலப்போக்கில் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஆனாலும் கிடங்குக்காரர் ஒருவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எந்த அலமாரியில் என்ன வில் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. உங்கள் ஸ்டிக்கரால் முடியாதது அதுதான். (துரூணத்தைத் துரோணரோடு சேர்த்து ‘வில்லாசிரியர் பெயரே வில்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். அவர் துரோணம் என்ற கலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் என்று பாரதமே சொல்கிறது.)

தமிழிலும் இதே வழக்கம்தான். சிலை என்பது வில். வில் செய்யப் பயன்பட்ட ஒரு மரத்துக்கும் சிலை என்று பெயர். சங்கப் பாட்டில் எயினர் கையில் வரும் ‘சிலைவில்’லுக்குச் சிலைமரத்தால் செய்த வில் என்றே பொருள் சொல்கிறார்கள். சிலைத்தல் என்றால் முழங்குதல் என்றும் பொருள் உண்டு, நாண் தெறிக்கிற ஓசைக்கும் அது பொருந்தும். வடக்கு ஐரோப்பாவில் பழைய நார்ஸ் மொழியில் யூ மரத்துக்கும் வில்லுக்கும் ‘ஈர்’ என்று ஒரே சொல். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலில் முழுசாகக் கிடைத்த 137 நெடுவில்களும் அந்த யூ மரத்தில் செய்தவைதான். அந்த மரத்தில் வெளிப்பக்க வெண்மரம் நீள்வதைத் தாங்கும், உள்வைரம் நசுங்கலைத் தாங்கும். கொம்பும் தசைநாணும் சேர்த்து ஒட்டுகிற வேலையை அந்த மரம் தானாகவே செய்து வைத்திருக்கிறது.

சில பெயர்கள் தோற்றத்திலிருந்து வந்தவை. கர்ணனின் வில்லுக்கு விசயம் என்ற பெயர்தான் நம் பக்கம் தெரியும். அமரகோசம் அதைக் காலபிருட்டம் என்கிறது, கருமுதுகு என்று பொருள். முதுகு என்பது எந்தப் பக்கம் என்று மேலே சொன்னோம். எதிரில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பக்கம்தான். ஜப்பானில் அளவை வைத்துப் பெயர்: தாய்க்கியூ என்றால் பெருவில், ஹான்க்யூ என்றால் அரைவில். பெருவில் வழக்கமாக 221 செ.மீ., கைப்பிடி நடுவில் இல்லாமல் கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். நம் அக்கினி புராணமும் நான்கு முழ வில் உத்தமம், மூன்றரை முழம் மத்திமம், மூன்று முழம் கடைசி என்று நீளத்தை வைத்துத் தரம் பிரிக்கிறது. நான்கு முழ நீளத்துக்கே தனுசு என்று பெயராகி, நிலம் அளக்கும் அளவையாகவும் ஆனது.

காண்டீபத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகம் விற்பது அந்தப் பெயர்தான். காண்டீ என்ற சொல்லுக்குக் காண்டாமிருகம் என்று ஒரு பொருளும், கணு என்று ஒரு பொருளும் சொல்கிறார்கள். ஒன்று விலங்கின் உடலிலிருந்து எடுத்த பொருளைக் காட்டும், இன்னொன்று கணுக்கணுவாக இருக்கும் மூங்கில் போன்றதைக் காட்டும். எப்படியானாலும் அதுவும் செய்பொருள் பெயர்தான். அந்த வில்லை எப்படிப் பாதுகாத்தார்கள் என்பதும் பாரதத்தில் இருக்கிறது. அஞ்ஞாதவாசத்துக்கு முன் பாண்டவர்கள் எல்லா வில்லின் நாணையும் கழற்றுகிறார்கள். நகுலன் வன்னி மரத்தில் ஏறி, மழைத் தாரை படாத கிளையாகப் பார்த்துக் கட்டி வைக்கிறான். ஓராண்டு கழித்து எடுத்த வில் சண்டைக்கு உதவியது. உங்கள் முகாம்களில் ‘காண்டீபம்’ ஏப்ரல் முதல் நாள் நாண் பூட்டப்பட்டு, மே கடைசி வரை அப்படியே தகரக் கொட்டகையில் தொங்குகிறது.

மூங்கில் வில்லை அப்படித் தொங்கவிட்டால் அது வளைந்த வடிவிலேயே நின்றுவிடும். நாணைக் கழற்றிய பிறகும் நிமிராது. 30 பவுண்டு வில் மாதக் கடைசியில் அம்பைத் தள்ளாது, ‘சரக்கு மட்டம்’ என்று பழி மூங்கில் மேல் விழும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றுங்கள். மறுநாள் பூட்டியதும் எடுத்த எடுப்பில் முழு இழுப்பு வேண்டாம். கால், அரை, முக்கால் என்று பத்து தடவையாவது இழுத்துவிட்டு எய்யுங்கள். ஜனகர் அரண்மனையில் எட்டுச் சக்கர இரும்புப் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த வில்லை எடுத்து ஒரேயடியாக இழுத்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே கல்யாணம் நடந்தது, இங்கே ஆஸ்பத்திரிதான்.

மூங்கில் வில் கட்டுபவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரம் கட்டும் மூங்கிலை வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ஈரத்தோடு வெட்டியது, அல்லது ஏற்கெனவே ஆணி அடித்துக் கழித்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட, சுவர் தடித்த கல்மூங்கிலாகப் பார்த்து எடுங்கள். தட்டினால் மாவு கொட்டினால் உளுத்தது, தொடவே வேண்டாம். பிளந்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். பச்சைத் தோல் இருக்கும் வெளிப்பக்கம்தான் முதுகு. அந்தத் தோலில் கத்தி படக்கூடாது, கணு மேட்டைச் சீவி வழுவழுப்பாக்கக் கூடாது. அழகுக்காகக் கணுவைத் தேய்த்த வில் அந்த இடத்திலேதான் பிளக்கும், ஏனென்றால் நீளும் நார் அங்கே அறுபட்டுவிடுகிறது. செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம். முதலில் கத்தி, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லு. நாலு இழுப்பு சுரண்டினால் இருபது முப்பது தடவை லேசாக வளைத்துப் பாருங்கள். சுரண்டியதன் பலன் உடனே தெரியாது, மூங்கில் வேலை செய்த பிறகுதான் தெரியும். ஒரு பக்கம் கீல் போல மடங்கினால் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத்தான் சுரண்ட வேண்டும். 26 அங்குலம் இழுப்பவருக்கு வில் 62 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாகச் செய்தால் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆயுளும் அதேபோல் அடக்கமாக இருக்கும்.

பனை வில் இப்போது அரிது, ஆனால் விழாக்களுக்காகச் சிலர் செய்கிறார்கள். பனையில் வலு வெளிவட்டத்தில். கருநார் நெருங்கி வைரம் பாய்ந்த பகுதி அது. நடுவில் இருப்பது சோறு, அது வில்லுக்கு ஆகாது. பனை வில்லின் தொல்லை சிலாம்பு. ஓரங்களை உருட்டாமல் விட்டால் நார் கிளம்பும், கையைக் கிழிக்கும், அங்கிருந்தே முறிவும் தொடங்கும். முகாம் தொடங்கும் ஒவ்வொரு காலையும் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து வில்லின் முதுகில் நுனி முதல் நுனி வரை தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. ஓரிடத்தில் பஞ்சு மாட்டி வெள்ளையாக ஒரு இழை நின்றால் அங்கே நார் கிளம்பிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது, பஞ்சுக்குத் தெரியும். அந்த வில் அன்றோடு ஓய்வு. மூங்கிலுக்கும் இதே சோதனைதான்.

கொம்பு வில் வைத்திருப்பவர்கள் வடசென்னையில் ஒரு கை விரலுக்குள் இருப்பார்கள். ஆனால் ‘சார்ங்கம்’ என்று போட்டு உண்மையிலேயே கொம்பு வில் வந்து இறங்கினால் அதை மூங்கில் போல நடத்திவிடாதீர்கள். நாண் இல்லாதபோது அது எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். பழக்கமில்லாதவர் அந்த வளைவிலேயே நாணைப் பூட்டிவிடுவார். கொம்பு முதுகாகி, தசைநாண் வயிறாகி, முதல் இழுப்பிலேயே கொம்பு வெடித்து வரும். பூட்ட இரண்டு பேர் வேண்டும். பூட்டியதும் நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நாண் கைப்பிடியின் நடுவே போகிறதா என்று. ஒதுங்கியிருந்தால் இழுக்காதீர்கள். தண்டு புரண்டு நாண் நழுவிவிடும். தசைநாணை ஒட்டிய பசை ஈரத்தில் இளகும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடல்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், வெளியே மாட்டி வைத்த கொம்பு வில் இழுவிசையை இழந்து முறுக்கிக்கொள்ளும். கொரியர்கள் இதற்கென்றே வெதுவெதுப்பான பெட்டி வைத்திருக்கிறார்கள். குறைந்த வாட் குண்டு பல்பு எரியும் மரப்பெட்டி போதும், நகுலனின் கிளை செய்த வேலையை அது செய்யும்.

கொம்பைப் பற்றி இன்னொன்று. ‘மான் கொம்பு’ என்று பெருமைக்கு எழுதுகிறார்கள். பொய்யாக இருந்தால் ஏமாற்று, உண்மையாக இருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல். புள்ளிமான் கொம்பு எலும்பு வகை, வயிற்றுப் பட்டைக்கு ஆகவே ஆகாது. வளர்ப்பு எருமைக் கொம்புதான் சட்டத்துக்கும் சரி, வில்லுக்கும் சரி.

பி.வி.சி. பைப்பைச் சூடுகாட்டித் தட்டையாக்கி, மேலே கயிறு சுற்றி, தங்கப் பெயின்ட் அடித்து விற்பது மலிவு. ஆனால் வெயில் பட்டுப் பட்டு பைப் நொறுங்கும் தன்மைக்கு வரும். வெயிலில் நின்ற வேனுக்குள் வைத்தால் இளகி வளைவை இழக்கும். உடையும்போது மூங்கில் போல நாராகப் பிளக்காது, சில்லாகச் சிதறும். விளையாட்டுப் பொருளாக விற்பதென்றால் அப்படியே எழுதி விற்கட்டும். அதன் மேல் சிவபெருமானின் வில் பெயரை ஒட்டிப் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுப்பதை நிறுத்துங்கள்.

எந்த வில்லானாலும் அம்பு பூட்டாமல் இழுத்து வெறும் நாணை விடக்கூடாது. அம்பில் போக வேண்டிய விசை வில்லின் தண்டிலேயே திரும்பி அடிக்கும். போட்டோ எடுக்கும்போது நடக்கும் விபத்தில் பெரும்பங்கு இதுதான்.

நாணுக்கும் பெயர்க்கதை உண்டு. வடமொழியில் நாணுக்கு மௌர்வி என்று பெயர், மூர்வா என்ற செடியின் நாரால் திரித்தது என்பதால். தமிழில் அதை மருள் என்பார்கள். இப்போது அடுக்குமாடி பால்கனியில் தொட்டிதோறும் நிற்கிற ஸ்னேக் பிளான்ட் அதன் சொந்தக்காரச் செடி. அர்த்தசாஸ்திரப் பட்டியலில் எருக்கு நாரும் இருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரத்தில் தானாக முளைத்து நிற்கும் அதே எருக்குதான். செய்துகாட்டுவதற்கு அவை நல்லவை. முகாமில் தினசரி எய்ய டேக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல் போதும். 25 முதல் 35 பவுண்டு வில்லுக்கு 10 இழை, 35 முதல் 45 வரை 12 இழை. நீளாத புது வகை நூல் வேகம் கொடுக்கும் என்று மூங்கில் வில்லில் மாட்டாதீர்கள். நீளாத நூல் அதிர்ச்சியை வாங்காது. நுனியில் நாண் உட்காரும் குதையை அறுத்துக்கொண்டு இறங்கும்.

சரி, நாங்கள் கேட்பது என்ன? கைப்பிடிக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், அழியாத மையில் மூன்று வரி. முதல் வரி செய்பொருள்: ‘மூங்கில்’, ‘பனை’, ‘மூங்கில் மேல் ஃபைபர்’, ‘எருமைக் கொம்பு, தசைநாண்’, எது உண்மையோ அது. இரண்டாவது வரி நீளமும் இழுவிசையும், எத்தனை அங்குல இழுப்பில் அளந்தது என்பதும். மூன்றாவது வரி செய்த மாதமும் ஆண்டும். அதற்கு மேலே உங்கள் விருப்பப் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். மூங்கிலுக்குக் கோதண்டம், பனைக்குக் கார்முகம், கொம்புக்குச் சார்ங்கம் என்று பொருத்தி வைத்தால் பழைய கிடங்குக்காரர் வந்தாலும் குழம்பமாட்டார். ஃபைபருக்குப் பழம்பெயர் எதுவும் கிடையாது, ஃபைபர் என்றே சொல்லலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

இழுவிசை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மீன் கடையில் தொங்கும் டிஜிட்டல் தூக்குத் தராசு போதும். ஓர் அம்பில் நாண் பள்ளத்திலிருந்து 28 அங்குலத்தில் கோடு போடுங்கள். தராசின் கொக்கியில் நாணை மாட்டி, கோடு வில்லின் முதுகுக்கு வரும் வரை கைப்பிடியைக் கீழே அழுத்தி, எண்ணைப் பாருங்கள். கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. பிள்ளைகள் 28 அங்குலம் இழுக்கமாட்டார்கள். இந்த அளவு வில்களில் ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். 30 பவுண்டு வில்லை 24 அங்குலம் இழுக்கும் சிறுவன் கையில் இருப்பது ஏறத்தாழ 20 பவுண்டுதான். இதைத் தலைகீழாகவும் யோசியுங்கள்: சிறுவனின் இழுப்பில் அளந்து ‘20 பவுண்டு’ என்று எழுதிய குட்டை வில்லை அவன் அப்பா வாங்கி முழுக்க இழுத்துப் பார்த்தால் வில் தாங்காது. அதனால்தான் எத்தனை அங்குலத்தில் அளந்தது என்பதும் வேண்டும் என்கிறோம்.

பேனர்களைப் பொறுத்தவரை, சொல்லைப் பிரித்து நீங்களே பொருள் சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வில்லின் முதுகு, வயிறு, கைப்பிடி, குதை, நாண் என்று உறுப்புகளைப் படம் போட்டுக் காட்டலாம். வில்வளைப்புக் கூத்து பார்த்து வளர்ந்த பாட்டிகள் முகாமுக்குப் பேரனோடு வருகிறார்கள். கதையை அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

அடுத்த கோடை முகாமுக்கான வில்கள் மார்ச்சில் வந்து இறங்கும். ஆர்டர் கொடுக்கும் சீட்டிலேயே இந்த மூன்று வரியையும் நிபந்தனையாக எழுதிவிடுங்கள். ஏற்கெனவே கையிருப்பில் இருப்பவற்றைப் பஞ்சு தடவி, தராசில் மாட்டி, எழுதி முடிக்க நாற்பது வில்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தராசும் பஞ்சும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வில் கட்டுபவர்களும் பயிற்றுநர்களும் சேர்ந்த குழு,
வடசென்னை